சுரப்பியா, சவ்வா?

நுரையீரல் ஆக்சிஜனை முனைந்து இரத்தத்துக்குள் செலுத்துகிறதா, இல்லை ஆக்சிஜன் தன்போக்கில் உள்ளே நுழைந்துவிடுகிறதா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய உடலியங்கியல் அறிஞர்களை இரு அணிகளாகப் பிரித்த கேள்வி இது. கோபன்ஹேகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிறிஸ்டியன் போர் முதல் கட்சி. அணு மாதிரியால் புகழ்பெற்ற நீல்ஸ் போர் இவருடைய மகன். சுரப்பிகள் தம் நீரைச் சுரப்பதைப் போலவே நுரையீரலின் செல்கள் ஆக்சிஜனை இரத்தத்துக்குள் சுரக்கின்றன, கரியமில வாயுவை வெளியே சுரக்கின்றன என்பது அவர் கொள்கை. அதை வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. ஆழத்தில் வாழும் மீன்களின் காற்றுப்பையில், சுற்றியுள்ள நீரில் இருப்பதைவிடப் பன்மடங்கு மிகுந்த அழுத்தத்தில் ஆக்சிஜன் நிறைந்திருப்பது அப்போதே தெரிந்திருந்தது. அந்தப் பைக்குச் செல்லும் நரம்பை வெட்டினால் வாயு நிரம்புவது நின்றுபோகிறது என்று சோதனை செய்து காட்டியவரே போர்தான். மீனின் காற்றுப்பையும் நம் நுரையீரலும் கருவில் உணவுப்பாதையின் தொடக்கப் பகுதியிலிருந்தே முளைக்கின்றன. ஒன்றால் முடிவது மற்றொன்றால் ஏன் முடியாது என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

போரின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்த ஆகஸ்ட் க்ரோகும், மருத்துவரான அவர் மனைவி மரீ க்ரோகும் இந்த வழக்கை அளந்து தீர்க்க முனைந்தார்கள். இரத்த ஓட்டத்தில் மிகச் சிறிய காற்றுக் குமிழி ஒன்றை நிறுத்தி, இரத்தத்தோடு அது சமநிலைக்கு வந்தபின் குமிழியிலுள்ள வாயுக்களை அளக்கும் கருவியை ஆகஸ்ட் உருவாக்கியிருந்தார். குமிழி சிறியதாக இருந்ததால் சமநிலை விரைவில் வந்தது. எத்தனை முறை அளந்தாலும் விடை ஒன்றுதான்: தமனி இரத்தத்தில் ஆக்சிஜனின் அழுத்தம், நுரையீரலுக்குள் இருக்கும் காற்றில் அதன் அழுத்தத்தை ஒருபோதும் தாண்டவில்லை. சுரப்பு நடந்திருந்தால் தாண்டியிருக்க வேண்டும். 1910-இல் இது ஏழு கட்டுரைகளாக வெளிவந்தது. ஆசிரியரின் வாழ்நாள் கொள்கையை மாணவர் உடைப்பது எளிய காரியமில்லை. போருக்குத் தாம் பட்ட கடனை வெளிப்படையாகச் சொல்லிவிட்டே க்ரோக் தம் மறுப்பை வைத்தார். அடுத்த ஆண்டே போர் காலமானார்.

வழக்கு அத்தோடு முடியவில்லை. இங்கிலாந்தின் ஜான் ஸ்காட் ஹால்டேன், சமவெளியில் சுரப்பு தேவைப்படாமல் இருக்கலாம், காற்று மெலிந்த மலையுச்சியில் அது தொடங்கும் என்றார். 1911-இல் அமெரிக்காவின் கொலராடோவில் சுமார் 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் மலைமேல் குழுவோடு தங்கிச் செய்த அளவீடுகள் தம் பக்கம் நிற்பதாக அவர் நம்பினார். கடைசிவரை அந்த நம்பிக்கையை விடவில்லை. கேம்பிரிட்ஜின் ஜோசஃப் பார்க்ராஃப்ட் 1920-இல் தம்மையே சோதனைப் பொருளாக்கினார். கண்ணாடி அறை ஒன்றுக்குள் ஆறு நாள் அடைந்து கிடந்து, உள்ளிருந்த ஆக்சிஜனைப் படிப்படியாகக் குறைக்கச் செய்து, இறுதியில் மணிக்கட்டுத் தமனியைத் திறந்து இரத்தம் எடுக்கக் கொடுத்தார். அந்த இரத்தமும் க்ரோக் தம்பதியர் சொன்னதையே சொன்னது. மலையுயர நிலையிலும் சுரப்பு இல்லை.

இந்த முடிவின் கனத்தை நம் பாடநூல்கள் உரிய அளவில் சொல்வதில்லை என்பது என் எண்ணம். சிறுநீரகம் உப்பை மீட்டெடுக்க ஓயாமல் ஆற்றலைச் செலவிடுகிறது. குடல் சர்க்கரையை உறிஞ்ச ஆற்றல் வேண்டும். நரம்பு செல்லுக்குச் சும்மா இருப்பதற்கே ஆற்றல் வேண்டும். நுரையீரலில் மட்டும், காற்றிலிருந்து இரத்தத்துக்கு வாயு கடக்கும் அந்த இடத்தில் செலவு எதுவும் இல்லை. காற்றை இழுப்பது உதரவிதானமும் விலாத் தசைகளும். இரத்தத்தைத் தள்ளுவது இதயம். இரண்டும் சந்திக்கும் சுவரில் நடப்பது விரவல் மட்டுமே: அழுத்தம் மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு மூலக்கூறுகள் தாமாகப் பரவுவது. எவ்வளவு வாயு கடக்கும் என்பதற்கு அடால்ஃப் ஃபிக் 1855-இலேயே விதி வகுத்திருந்தார். பரப்பு கூடினால் கூடும், சுவர் தடித்தால் குறையும், இருபக்க அழுத்த வேறுபாடு பெருகினால் பெருகும். ஆகவே நுரையீரல் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று: சரியான வடிவத்தில் இருப்பது. அந்த உறுப்பின் வேலை முழுவதும் அதன் கட்டுமானத்திலேயே முடிந்துவிடுகிறது. கட்டுமானம் சிதைந்தால் கூடுதலாக உழைத்து ஈடுகட்ட அதற்கு வேறு வழி கிடையாது.

அழுத்தக் கணக்கை முதலில் பார்ப்போம். கடல்மட்டத்தில் காற்றின் மொத்த அழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம்; அதில் ஆக்சிஜனின் பங்கு 160. மூக்கிலும் மூச்சுக்குழலிலும் ஈரம் சேர்ந்ததும் அது 150 ஆகிறது. குழல்களின் முடிவிலுள்ள சிறு காற்றறைகளான நுண்ணறைகளில் ஏற்கெனவே இருக்கும் காற்றோடு கலந்தபின் 100. உடலைச் சுற்றிக் களைத்து வரும் இரத்தத்தில் 40. இந்த 60 மில்லிமீட்டர் இறக்கம்தான் நாம் உயிரோடு இருப்பதற்கான உந்துவிசை. கரியமில வாயுவுக்கு வெறும் ஐந்து அல்லது ஆறு மில்லிமீட்டர் இறக்கம் போதும். ஈரத் திசுவில் அது ஆக்சிஜனைவிட இருபது மடங்கு எளிதாக விரவும். 1981-இல் எவரெஸ்ட் உச்சியில் நின்றபடி கிறிஸ் பிஸ்ஸோ என்ற மருத்துவர் தம் மூச்சின் கடைசிப் பகுதியைக் குப்பியில் பிடித்துக் கொண்டுவந்தார். அங்கே காற்றழுத்தமே 253 மில்லிமீட்டர்தான். அவருடைய நுண்ணறைகளில் ஆக்சிஜனின் அழுத்தம் சுமார் 35. மனித நுரையீரல் எட்டக்கூடிய எல்லை அதற்கு மிக அருகில்தான் இருக்கிறது.

அடுத்தது பரப்பு. இதை முறையாக அளந்தவர் சுவிட்சர்லாந்தின் ஏவால்ட் வைபெல். 1950-களின் இறுதியில் இளம் மருத்துவராக நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் ஆந்த்ரே கூர்னாந்தின் ஆய்வுக்கூடத்துக்கு வந்தவரிடம், உடலியங்கியலாளருக்குப் பயன்படுகிற எதையாவது நுரையீரலின் கட்டமைப்பில் கண்டுபிடி என்று சொல்லி விட்டுவிட்டார்கள். கியூபாவைச் சேர்ந்த டொமிங்கோ கோமெஸ் கணித வழியில் துணைநின்றார். நுரையீரலை மெல்லிய சீவல்களாக வெட்டி, சீவலின்மேல் புள்ளிகளும் கோடுகளும் வரைந்த வலையை வைத்து, எத்தனை புள்ளி காற்றின்மேல் விழுகிறது, எத்தனை கோடு சுவரை வெட்டுகிறது என்று எண்ணுவது முறை. அந்த எண்ணிக்கையிலிருந்து முழு உறுப்பின் கன அளவையும் பரப்பையும் நிகழ்தகவு வழியாகப் பெறலாம். குழல்களுக்கோ நெகிழியை ஊற்றி இறுகவைத்து, எழுந்து நின்ற வார்ப்பின் கிளைகளை ஒவ்வொன்றாக அளந்தார்கள். 1963-இல் வெளிவந்த வைபெலின் நூலில் உள்ள கிளைக் கணக்கை இன்றும் மருத்துவ மாணவர்கள் படிக்கிறார்கள்.

நுண்ணறைகள் 30 கோடி என்று அன்று அவர் மதிப்பிட்டார். 2004-இல் அவரும் பங்கேற்ற குழு ஒன்று இன்னும் நுட்பமான முறையில் ஆறு நுரையீரல்களை எண்ணி, சராசரி 48 கோடி என்றது. ஆளுக்கு ஆள் வேறுபாடும் மிகுதி, குறைந்தது 27 கோடி, கூடியது 79 கோடி. பரப்பளவின் கதை இன்னும் சுவையானது. ஒளி நுண்ணோக்கியில் அளந்தபோது சுமார் 80 சதுர மீட்டர் வந்தது. 1978-இல் மின்னணு நுண்ணோக்கியில் அளந்தபோது 140-ஐத் தொட்டது. நுரையீரல் வளரவில்லை, கூர்ந்து பார்க்கப் பார்க்க மடிப்புக்குள் மடிப்பு தெரிந்தது. கடற்கரையின் நீளம் அளவுகோலின் சிறுமையைப் பொறுத்து நீண்டுகொண்டே போகும் என்று மாண்டல்பிரோ சொன்ன கணிதமும் இதுவும் ஒன்றே என்பதை வைபெல் பின்னாளில் தாமே எழுதினார். ஒரு நூல் 70 என்கிறது, இன்னொன்று 140 என்கிறது என்று வாசகர் குழம்பினால், இரண்டும் பிழையில்லை என்று சொல்ல வேண்டும். நோக்கிய கண் வேறு. நம் ஊர்க் கணக்கில் 140 சதுர மீட்டர் என்பது 1,500 சதுர அடி, மூன்று படுக்கையறை கொண்ட வீடொன்றின் தரைப்பரப்பு. அது ஐந்தாறு லிட்டர் கொள்ளும் நெஞ்சுக்கூட்டுக்குள் மடிந்திருக்கிறது.

அவ்வளவு பரப்புக்கும் காற்றைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி? கோடிக்கணக்கான அறைகளுக்கு ஒரே வாசல். தொண்டைக்குக் கீழே 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளத்தில் மூச்சுக்குழல் இறங்குகிறது. காற்றை இழுக்கும்போது குழல் சப்பையாகிவிடாதபடி முன்பக்கம் குருத்தெலும்பு வளையங்கள் தாங்குகின்றன. வளையம் முழுமையடையாமல் பின்பக்கம் தசையால் மூடியிருக்கிறது. உணவுக்குழல் அங்கே ஒட்டியிருப்பதால் கவளம் இறங்கும்போது விரிய அதற்கு இடம் கிடைக்கிறது. பிறகு குழல் இரண்டாகப் பிரிகிறது. வலக்கிளை அகலம், செங்குத்தாகவும் இறங்குகிறது. குழந்தைக்குப் புரையேறி நிலக்கடலைப் பருப்பு உள்ளே போய்விட்டால் மருத்துவர் முதலில் வலப்பக்கத்தைத் தேடுவது இதனால்தான்.

ஒன்று இரண்டாக, இரண்டு நான்காக, இப்படிச் சராசரி 23 தலைமுறைகள். முதல் பதினாறும் வெறும் வழி. அவற்றின் சுவரில் வாயு கடப்பதில்லை. பதினேழாவதிலிருந்து குழலின் சுவரில் நுண்ணறைகள் மொட்டுவிடத் தொடங்கி, கடைசித் தலைமுறைகளில் சுவர் முழுவதுமே நுண்ணறைகளாகிவிடுகிறது. நாம் அமைதியாக இழுக்கும் 500 மில்லிலிட்டர் மூச்சில் 150 அந்த வழியிலேயே நின்று, வந்தபடியே திரும்பிவிடுகிறது. அது வீண் என்று எண்ணிவிடக் கூடாது. வெளியே பனியானாலும் புழுதியானாலும், உள்ளே போய்ச் சேரும் காற்று 37 பாகை வெப்பத்தில் முழு ஈரத்தோடு இருக்கும்படி பதப்படுத்துவது அந்த வழிதான்.

ஒவ்வொரு கிளையும் தாய்க்கிளையைவிடக் குறுகியது. ஆனால் எண்ணிக்கை இரட்டிப்பதால், குறுக்குவெட்டுகளின் மொத்தப் பரப்பு முதல் சில தலைமுறைகளுக்குப் பின் விரிந்துகொண்டே போகிறது. மூச்சுக்குழலில் 2.5 சதுர சென்டிமீட்டராக இருப்பது கடைசித் தலைமுறையில் 10,000 சதுர சென்டிமீட்டரைத் தாண்டுகிறது. விளைவு, காற்றின் வேகம் விழுகிறது. மூச்சுக்குழலில் வினாடிக்கு ஒரு மீட்டர் ஓடும் காற்று, முடிவில் வினாடிக்குக் கால் மில்லிமீட்டர்தான் நகர்கிறது. கடைசிச் சில மில்லிமீட்டர் தூரத்தில் காற்று ஓடுவதே இல்லை என்று சொல்லலாம். ஆக்சிஜன் மூலக்கூறுகள் விரவிப் போய்ச் சேர்கின்றன. உள்ளே எப்போதும் தங்கியிருக்கும் இரண்டரை லிட்டர் காற்றில் ஒவ்வொரு மூச்சும் 350 மில்லிலிட்டரை மட்டுமே சேர்க்கிறது. இதனால் இரத்தம் சந்திக்கும் ஆக்சிஜன் அழுத்தம் மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்காமல் ஏறக்குறைய ஒரே நிலையில் நிற்கிறது. மூச்சு விட்டு விட்டு வருகிறது, வாயு மாற்றம் இடைவிடாமல் நடக்கிறது.

கிளைகள் எந்த விகிதத்தில் குறுக வேண்டும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. குழலைப் பெரிதாக்கினால் இடம் வீணாகும், சிறிதாக்கினால் காற்றை இழுக்க உழைப்பு கூடும். குறிப்பிட்ட இடத்துக்குள் உழைப்பை மிகக் குறைப்பதற்கு, ஒவ்வொரு கிளையும் தாயின் விட்டத்தில் 0.79 பங்கு இருக்க வேண்டும் என்று கணிதம் சொல்கிறது. மனிதச் சிறுகுழல்களில் அளந்தால் கிடைப்பது 0.85 அளவில். அப்படியானால் இயற்கை கணக்கில் பிசகிவிட்டதா? பெஞ்சமின் மோருவா, மார்செல் ஃபிலோஷ், வைபெல், பெர்னார் சப்போவால் ஆகிய நால்வர் 2004-இல் இதற்கு விடை சொன்னார்கள். மிகச் சிக்கனமான மரம் ஆபத்தானது. எல்லாக் கிளைகளும் 0.79-இல் இருந்தால், சளியாலோ தசை இறுக்கத்தாலோ குழல்கள் கொஞ்சம் குறுகினாலும் எதிர்ப்பு பன்மடங்கு ஏறிவிடும். குழலின் எதிர்ப்பு ஆரத்தின் நான்காம் அடுக்கைச் சார்ந்தது. 0.85 என்பது சிறிது இடத்தைச் செலவழித்து வாங்கிய காப்பு. ஒவ்வொருவருக்கும் குழல் அளவுகள் கொஞ்சம் கொஞ்சம் வேறுபட்டே இருக்கும் என்பதால், அந்தக் காப்பு இல்லாமல் பிறந்தவர்கள் முதல் ஆஸ்துமா இழுப்பிலேயே திணறியிருப்பார்கள். நுரையீரலைப் பற்றி நான் படித்தவற்றில் மிகவும் என்னை நிறுத்தி வைத்த கட்டுரை அது. மிகச் சிறந்த அமைப்பு என்றால் மிகச் சிக்கனமான அமைப்பு என்று பொறியியல் பழக்கத்தில் நாம் நினைத்துவிடுகிறோம். உடலோ தாராளத்தை வேண்டுமென்றே மிச்சம் வைத்திருக்கிறது. இந்த மிச்சம் பின்னால் நமக்கே மறைப்பாகவும் மாறுகிறது என்பதற்கு வருவேன்.

சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1661-இல் பொலோனியாவின் மார்செல்லோ மல்பீகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் பார்த்து, இரத்தம் திறந்த வெளியில் கொட்டுவதில்லை, மெல்லிய குழல்களுக்குள்ளேயே ஓடுகிறது என்று கண்டார். வில்லியம் ஹார்வியால் பார்க்க முடியாமல்போன தந்துகிகள் அவை. ஆனால் அந்தத் தந்துகிக்கும் காற்றுக்கும் நடுவே தோல் போன்ற உறை உண்டா, இல்லை தந்துகிகள் அப்படியே காற்றில் கிடக்கின்றனவா என்ற சண்டை அதற்குப்பின் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் நீண்டது. ஒளி நுண்ணோக்கியால் அந்த உறையைப் பார்க்க முடியவில்லை. 1952, 53 ஆண்டுகளில் அமெரிக்காவின் ஃபிராங்க் லோ மின்னணு நுண்ணோக்கியில் படம் எடுத்தபோதுதான், இடைவெளியே இல்லாத உறை இருப்பது உறுதியானது. ஒரு பக்கம் நுண்ணறையின் தட்டைச் செல், மறு பக்கம் தந்துகியின் செல், நடுவே பகிர்ந்துகொண்ட அடித்தளப் படலம். மூன்றும் சேர்ந்து சராசரி 0.6 மைக்ரான், மெலிந்த இடங்களில் 0.3-க்கும் கீழ். அதை ஒட்டி ஓடும் சிவப்பணுவின் விட்டமே ஏழெட்டு மைக்ரான்.

தந்துகிகள் சுவரில் அவ்வளவு நெருக்கமாகப் பின்னியிருப்பதால் இரத்தம் அங்கே விரிப்பாகப் பரவி ஓடுகிறது. எந்த நொடியிலும் நுரையீரல் தந்துகிகளில் இருக்கும் இரத்தம் நூறு மில்லிலிட்டருக்குள்தான். ஒவ்வொரு சிவப்பணுவும் முக்கால் வினாடியில் கடந்துபோய்விடுகிறது. அதில் முதல் கால் வினாடியிலேயே ஆக்சிஜன் நிரம்பிவிடுகிறது. மீதி அரை வினாடி, ஓடும்போதும் மலை ஏறும்போதும் செலவழிக்க வைத்திருக்கும் இருப்பு.

இவ்வளவு மெல்லிய சுவர் ஏன் கிழிவதில்லை? உடலின் மற்றப் பகுதிக்கு 120/80 அழுத்தத்தில் இரத்தம் போக, நுரையீரலுக்குப் போவது 25/10 அளவில். இதயத்தின் வலக்கீழறைச் சுவர் மெலிந்திருப்பதன் காரணம் அது. சுவரின் வலிமையோ பெரும்பாலும் அடித்தளப் படலத்தின் நடுவே உள்ள கொலாஜன் அடுக்கில் இருக்கிறது. ஜான் வெஸ்ட் 1990-களில் காட்டியபடி, அழுத்தம் எல்லை மீறினால் அது கிழியும். பந்தயக் குதிரைகளின் நுரையீரலில் ஓட்டத்துக்குப்பின் இரத்தக் கசிவு ஏற்படுவது அதனால்தான். மனிதருக்கும் நடக்கிறது. நுரையீரலின் நாளங்களுக்கு உடலின் வேறெங்கும் இல்லாத குணம் உண்டு. ஆக்சிஜன் குறைந்தால் மற்ற இடங்களில் நாளம் விரியும், இங்கே சுருங்கும். காற்று வராத பகுதிக்கு இரத்தம் போய் வீணாகாமல், காற்றுள்ள பகுதிக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு இது. 1946-இல் ஸ்டாக்ஹோமின் ஃபான் ஆய்லரும் லில்யெஸ்ட்ராண்டும் பூனைகளில் இதைக் கண்டார்கள். ஆனால் திடீரென்று உயர்ந்த மலைக்குப் போனால் நுரையீரல் முழுவதும் ஆக்சிஜன் குறைகிறது, எல்லா நாளமும் ஒருசேர, ஆனால் சீரற்றுச் சுருங்குகின்றன. சுருங்காமல் விடுபட்ட தந்துகிகளில் அழுத்தம் ஏறி நீர் கசிகிறது. 1960-களில் இமயத்துக்கு அவசரமாக அனுப்பப்பட்ட இந்தியப் படைவீரர்களிடையே நூற்றுக்கணக்கில் இதைக் கண்டு, 1965-இல் உலகுக்கு எழுதியவர்கள் இந்தர் சிங்கும் அவருடைய இராணுவ மருத்துவக் குழுவும்.

மெல்லிய சுவர் கிழிவது ஓர் ஆபத்து. ஒட்டிக்கொள்வது இன்னோர் ஆபத்து. நுண்ணறையின் உட்பக்கம் ஈரமானது. ஈரத்துக்குப் பரப்பு இழுவிசை உண்டு. 0.2 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள கோளத்தில் அந்த விசை, அறையை உள்நோக்கி இழுத்து மூடப் பார்க்கும். சிறிய அறை பெரிய அறைக்குள் தன் காற்றைக் கொட்டிவிட்டுச் சுருங்கும். கட்டுமானம் சரிந்துவிட வேண்டும். ஏன் சரியவில்லை என்ற கேள்விக்கான திறவுகோலை 1929-இல் குர்ட் ஃபான் நீர்கார்ட் சுவிட்சர்லாந்தில் கண்டார். நுரையீரலைக் காற்றால் ஊதுவதைவிடத் திரவத்தால் நிரப்புவது மிக எளிது என்று அவர் அளந்து காட்டினார். காற்றும் ஈரமும் சந்திக்கும் பரப்பு இல்லாமல் போனால் இழுவிசை இல்லை, எதிர்ப்பும் இல்லை. பிறந்த குழந்தையின் முதல் மூச்சுக்கு இது முக்கியமாகலாம் என்றுகூட எழுதினார். யாரும் படிக்கவில்லை. கால் நூற்றாண்டு கழிந்தது.

மறுபடி இந்தக் கதவைத் தட்டியவர்கள் நச்சுவாயு ஆராய்ச்சியாளர்கள். பிரிட்டனின் போர்ட்டன் டவுனில் ரிச்சர்ட் பாட்டில், நீர் கோத்த நுரையீரலிலிருந்து வரும் நுரைக் குமிழிகள் உடையாமல் நெடுநேரம் நிற்பதை 1955-இல் கவனித்தார். அமெரிக்க இராணுவத்தின் எட்ஜ்வுட் மையத்தில் ஜான் கிளெமென்ட்ஸ் 1957-இல் அந்த இழுவிசையை நேரடியாக அளந்து, படலம் சுருங்கச் சுருங்க அது ஏறக்குறைய பூச்சியத்துக்கு இறங்குவதைக் காட்டினார். அந்தப் பொருள்தான் சர்ஃபக்டன்ட். பெரும்பகுதி கொழுப்பு, கொஞ்சம் புரதம். நுண்ணறையின் மூலைகளில் ஒதுங்கியிருக்கும் பருத்த செல்கள் அதைச் சுரக்கின்றன. கிறிஸ்டியன் போர் தேடிய சுரப்பு நுரையீரலில் உண்டு. சுரக்கப்படுவது வாயு இல்லை, வாயுவுக்கு இடம் திறந்து வைக்கும் பொருள்.

இதன் மருத்துவப் பொருளைப் பிடித்தவர் மேரி எல்லன் ஏவரி. குறைமாதத்தில் பிறந்து, மூச்சுக்கு மூச்சு விலா உள்வாங்க முனகி, இரண்டு மூன்று நாளில் இறந்துபோகும் குழந்தைகளின் நுரையீரலில் சர்ஃபக்டன்ட் இல்லை என்று 1959-இல் அவரும் ஜெர் மீடும் எழுதினார்கள். இல்லாததைக் கண்டுபிடிப்பது இருப்பதைக் கண்டுபிடிப்பதைவிடக் கடினம்; அதுவரை அந்தக் குழந்தைகளின் நுண்ணறைகளில் காணப்பட்ட பளபளப்பான படிவையே எல்லோரும் நோயின் காரணமாக எண்ணியிருந்தார்கள். 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து 39 மணி நேரத்தில் இதே நோயில் இறந்தான். காரணம் தெரிந்திருந்தது, கையில் மருந்து இல்லை. 1972-இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கிரஹாம் லிக்கின்ஸும் ராஸ் ஹோவியும், பேறுகாலத்துக்கு முன்பே வலி கண்ட தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் கருவின் நுரையீரல் விரைந்து முதிர்கிறது என்று நிறுவினார்கள். 1980-இல் ஜப்பானின் டெட்சுரோ ஃபுஜிவாரா, மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபக்டன்டைப் பத்துக் குழந்தைகளின் மூச்சுக்குழலில் நேரடியாகச் செலுத்திப் பயன் கண்டார். இன்று நம் ஊர் மகப்பேறு மருத்துவமனைகளில் ‘குழந்தைக்கு நுரையீரல் வளர ஊசி போட்டிருக்கிறது’ என்று உறவினர் சொல்லிக்கொள்வது லிக்கின்ஸின் ஊசியைத்தான். நீர்கார்டின் கட்டுரையை யாராவது 1930-களிலேயே படித்திருந்தால் என்ற எண்ணம் வராமல் இந்த வரலாற்றைப் படிக்க முடிவதில்லை.

இனி, மிச்சம் மறைப்பாவது பற்றி. மெல்லிய குழலில்தானே எதிர்ப்பு மிகுதியாக இருக்கும் என்று எவரும் நினைப்பார்கள். 1967-இல் பீட்டர் மக்லெமும் மீடும் சிறுகுழல்களின் எதிர்ப்பைத் தனியே பிரித்து அளந்தபோது நேர்மாறாக வந்தது. இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைந்த குழல்கள் ஆரோக்கியமான நுரையீரலின் மொத்த எதிர்ப்பில் பத்தில் ஒரு பங்குதான் தருகின்றன. தனித்தனியே குறுகலானாலும் அவை பல்லாயிரம், அருகருகே இணைந்தவை. இதன் பொருளைக் கணக்கிட்டுப் பாருங்கள். சிறுகுழல்களில் பாதி அழிந்துபோனால் அவற்றின் எதிர்ப்பு இரட்டிப்பாகும்: பத்து இருபதாகும். மொத்தம் நூறிலிருந்து நூற்றுப்பத்துக்கு ஏறும். ஸ்பைரோமீட்டரில் ஊதிப் பார்த்தால் அநேகமாக ஒன்றும் தெரியாது. ஆளுக்கும் மாடிப்படி ஏறுவதில் வேறுபாடு தெரியாது. மீட் அந்தப் பகுதிக்கு மௌன மண்டலம் என்று பெயரிட்டார்.

அழிவு தொடங்குவதும் அங்கேதான். காற்றின் வேகம் விழும் இடம் அது என்பதால், மிதந்து வரும் நுண்துகள் படியும் இடமும் அதுவே. பத்து மைக்ரானுக்கு மேற்பட்டவற்றை மூக்கு பிடித்துக்கொள்ளும். பெரிய குழல்களில் ஒட்டுபவற்றை, வினாடிக்குப் பத்து முறைக்கு மேல் அடிக்கும் குறுமயிர்கள் சளியோடு சேர்த்து மேலே தள்ளிவிடும். இரண்டரை மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள புகைத்துகள், கல் உடைக்கும் இடத்துச் சிலிக்கா, காசநோயாளி இருமிய துளியில் ஒட்டிய கிருமி எல்லாம் சிறுகுழலின் முடிவுவரை போகின்றன. குறுமயிர்கள் அங்கே முடிந்துவிடுகின்றன. அதற்கு அப்பால் காவல், துகள்களை விழுங்கும் செல்கள் மட்டுமே. விழுங்கிய சிலிக்கா அந்தச் செல்லையே கொல்கிறது. விழுங்கிய காசக்கிருமி அதற்குள்ளேயே குடியேறுகிறது. வாயு மாற்றத்துக்கு எந்த அமைதியான காற்று வேண்டுமோ, அதே அமைதி வண்டல் படியவும் உதவுகிறது.

பீடி, சிகரெட் புகை மட்டுமே இதற்குக் காரணம் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. வாழ்நாளில் புகையிலையைத் தொடாமல், காற்றோட்டமில்லாத அடுக்களையில் விறகும் வறட்டியும் எரித்த பெண்கள் ஐம்பது வயதில் இளைப்போடு வருவது தெற்காசிய மருத்துவருக்கு அன்றாடக் காட்சி. அவர்களுக்கு ‘வீசிங்’ என்று ஒரு சொல்லும் ஒரு நெபுலைசரும் கிடைக்கின்றன; இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன்பே மௌன மண்டலத்தில் என்ன நடந்தது என்ற கேள்வி கேட்கப்படுவதில்லை. 2011-இல் ஜேம்ஸ் ஹாக் பங்கேற்ற குழு, மாற்று அறுவையின்போது அகற்றிய, இளைப்பு நோய் முற்றியவர்களின் நுரையீரல்களை நுண்-சி.டி. படத்தில் எண்ணிப் பார்த்தது. நுண்ணறைச் சுவர்கள் உடையும் முன்பே கடைசிச் சிறுகுழல்கள் மறையத் தொடங்கியிருந்தன. ஒரு வகை நோயாளிகளில், இருக்க வேண்டியதில் பத்தில் ஒரு பங்குதான் எஞ்சியிருந்தது. ஆகவே ஊதிப் பார்த்து எண் சரியாக வந்தால் நுரையீரல் நலம் என்று சொல்லிவிடுவது, அதிலும் அடுப்புப் புகையிலும் கல்தூசியிலும் வேலை செய்தவரிடம் சொல்லிவிடுவது, உறுப்பின் கட்டுமானத்தையே மறந்து பேசுவதாகும். 1915-இல் மரீ க்ரோக் வகுத்த சோதனை ஒன்று இருக்கிறது. துளியளவு கார்பன் மோனாக்சைடு கலந்த காற்றை ஒருமுறை இழுத்து நிறுத்தி, எவ்வளவு இரத்தத்துக்குள் போயிற்று என்று அளப்பது. சுவரின் பரப்பும் தடிப்பும் எந்த நிலையில் உள்ளன என்பதை ஸ்பைரோமீட்டரைவிட அது நேரடியாகக் காட்டும். பெரிய மருத்துவமனைகளில் மட்டும் அது கிடைப்பது பெரும் குறை.

இழந்தது திரும்புமா? குழல்மரத்தின் கிளைகள் கருவின் பதினாறு, பதினேழாம் வாரத்திலேயே முளைத்து முடிந்துவிடுகின்றன. நுண்ணறைகளோ பெரும்பகுதி பிறந்தபின் உருவாகின்றன; குழந்தைப்பருவம் முழுவதும் புகையில்லாத காற்று வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனால். வளர்ந்தவர்களுக்குப் புது நுண்ணறை வராது என்றே நெடுங்காலம் நம்பினார்கள். 1995-இல் புற்றுநோய்க்காக வலது நுரையீரல் முழுவதையும் இழந்த, அப்போது 33 வயதான பெண் ஒருவரைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, ஜேம்ஸ் பட்லரும் உடனாய்வாளர்களும் 2012-இல் எழுதினார்கள். எஞ்சிய இடது நுரையீரல் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாகியிருந்தது. ஹீலியம் வாயுவை உள்ளிழுக்கச் செய்து எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில், பழைய நுண்ணறைகள் ஊதிப் பெருக்காமல் எண்ணிக்கையில் கூடியிருந்தது தெரிந்தது. அவை சாதாரண நுண்ணறைகளைவிட ஆழம் குறைந்தவையாக இருந்தன.